தாகத்துக்குக் கணக்கெழுதும் செயலி: முதல் போடத்தக்க தொழிலா?



சமீப காலமாக வியாபாரிகளின் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. கல்லூரிப் படிப்பை முடித்து வந்த பிள்ளைகள், "கடையை நான் கவனித்துக்கொள்கிறேன்" என்று சொல்வதற்குப் பதிலாக, "நண்பர்கள் சேர்ந்து ஒரு ஆப் செய்யப்போகிறோம், முதல் கொடுங்கள்" என்கிறார்கள். அப்படி வருகிற யோசனைகளில் ஒன்று, மனிதன் நாள்தோறும் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான் என்று கணக்கு வைத்து, நேரத்துக்கு நேரம் மணியடித்து நினைவூட்டும் செயலி. கேட்டவுடன் சிலர் சிரித்துவிடுகிறார்கள். வேறு சிலர், பிள்ளை மனம் நோகக்கூடாது என்று கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் வியாபாரி செய்யத்தக்க காரியமல்ல. புதிதாக ஒரு சரக்கு மண்டிக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? கையில் எடுத்துப் பார்ப்போம், முகர்ந்து பார்ப்போம், யார் வாங்குவார்கள், பக்கத்துக் கடையில் என்ன விலை, தேங்கினால் என்ன கதி என்று விசாரிப்போம். அந்த விசாரணையைத்தான் இந்தச் செயலிக்கும் செய்ய வேண்டும் என்று கருதுகிறோம்.

சரக்கு என்ன?

முதலில் இந்தச் சரக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். செல்போனில் உடல் எடை, வயது முதலியவற்றைப் பதிந்தால், "ஒரு நாளைக்கு நீங்கள் இத்தனை டம்ளர் குடிக்க வேண்டும்" என்று அது ஓர் அளவு சொல்லும். ஒவ்வொரு டம்ளர் குடித்ததும் நாமே திரையைத் தொட்டுப் பதிய வேண்டும். பதியாவிட்டால் மணியடிக்கும். நாம் எவ்வளவு குடித்தோம் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. குடிக்காமலே குடித்ததாகத் தொட்டாலும் அது நம்பிக்கொள்ளும். ஆக, சாரத்தில் இது ஒரு பற்று வரவு நோட்டு. அதையும் வாடிக்கையாளரே எழுத வேண்டும். நம்மில் எத்தனை பேர் அன்றாடச் சில்லறைச் செலவை அன்றன்றே எழுதுகிறோம் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், இந்த நோட்டை ஒருவர் எத்தனை நாள் விடாமல் எழுதுவார் என்பதற்கும் விடை கிடைத்துவிடும்.

இனி, இந்தச் சரக்கு வேறு எங்கே கிடைக்கிறது? சாம்சங் போனோடு வரும் உடல்நலச் செயலியில் தண்ணீர்க் கணக்கு எழுத இடம் இருக்கிறது. ஆப்பிள் போனின் உடல்நலப் பகுதியிலும் இருக்கிறது. கைக்கடிகாரம் போல் கட்டிக்கொள்ளும் ஃபிட்பிட்டிலும் இருக்கிறது. இவை போக, இதே வேலையை இலவசமாகச் செய்யும் செயலிகள் கடை நிறைய அடுக்கிக் கிடக்கின்றன. தைவான் நாட்டார் ஒருபடி மேலே போய், நாம் தண்ணீர் குடித்தால் திரையில் ஒரு செடி வளர்வதுபோல் விளையாட்டாகவே செய்து பரப்பிவிட்டார்கள். எதிர்க் கடையில் இலவசமாகக் கொடுக்கும் பண்டத்தை நாம் விலைக்கு விற்க வேண்டுமென்றால், அதில் இல்லாத ஏதோ ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். முதல் கேட்டு வரும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

எட்டு டம்ளர் கணக்கு

இந்தச் செயலிகள் எல்லாம் ஓர் எண்ணை நம்பி நிற்கின்றன. நாளொன்றுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதே அது. இந்த எண் எங்கிருந்து வந்தது? 1945-ல் அமெரிக்காவின் உணவு ஊட்டச்சத்து வாரியம், வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் நீர் தகும் என்று சொன்னது. ஆனால் அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறது என்றும் அதோடு சேர்த்தே சொன்னது. பின்வந்தவர்கள் முன் பாதியைப் பிடித்துக்கொண்டு பின் பாதியை விட்டுவிட்டார்கள். 2002-ல் ஹைன்ஸ் வால்டின் என்ற அமெரிக்க மருத்துவப் பேராசிரியர் இந்த எட்டு டம்ளர் விதிக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா என்று தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று எழுதினார். 2004-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அளவு ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர். அதுவும் சோறு, குழம்பு, ரசம், மோர், காப்பி, பழம் எல்லாவற்றிலும் உள்ள நீரைச் சேர்த்த மொத்தக் கணக்கு. ரசமும் மோரும் ஊற்றிச் சாப்பிடுகிற நம் ஊர்க்காரருக்கு வெறும் டம்ளர்க் கணக்கு எப்படிப் பொருந்தும்?

எண் பிழையாக இருந்தாலும் விற்பனைக்கு உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அது மருத்துவர் யாரும் கண்டுபிடித்த எண்ணல்ல. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் நடையை எண்ணும் சிறு கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்று பொருள்படும். பெயரிலிருந்த எண் உலகமெங்கும் மருந்துச் சீட்டுபோலப் பரவிவிட்டது. ஆனால் அந்த ஜப்பானியர் காசு பார்த்தது எண்ணை விற்றல்ல, இடுப்பில் மாட்டும் கருவியை விற்று. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே போவோம்.

அளவு சொல்வதில் ஆபத்தும் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சிலவகை இதய நோயாளிகளுக்கும் தண்ணீரை அளவாகக் குடிக்கும்படி மருத்துவர் கட்டளையிடுகிறார். அவர்கள் கையில் இருக்கும் செயலி, "இன்னும் மூன்று டம்ளர் பாக்கி" என்று மணியடித்தால் என்ன ஆகும்? நல்ல உடம்புக்காரரும் குறுகிய நேரத்தில் அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து வரும். 2007-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வானொலி நிலையம் ஒன்று நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட ஒரு பெண் அப்படித்தான் இறந்துபோனார். மளிகை விற்பவனுக்குக் கலப்படச் சட்டம் போல, உடம்புக்கு அளவு சொல்பவனுக்கும் பொறுப்பு உண்டு. அதோடு எடை, வயது, நோய் விவரங்களைச் சேகரித்து வைப்பவர்களை 2023-ம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. மிகக் கடுமையான மீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமிருக்கிறது.

வரவும் செலவும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு நாம் வைத்துக்கொண்டவை. முதல் கேட்டு வருபவர் தம் எண்களைச் சொல்லட்டும். கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.

ஆண்டுச் சந்தா ரூ.118 என்று வைப்போம். இதில் ஜி.எஸ்.டி. ரூ.18 அரசுக்குப் போகும். மீதி ரூ.100. செயலியை நாம் நேரே விற்க முடியாது. கூகுள், ஆப்பிள் ஆகியோரின் கடையில் வைத்துத்தான் விற்க வேண்டும். அவர்கள் முதலில் நூற்றுக்கு 30 தரகு எடுத்தார்கள். 2021-ல் சிறிய நிறுவனங்களுக்கு 15 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த 15 போக நம் கைக்கு ரூ.85. செயலியைப் பழுது பார்க்க இரண்டு ஆட்கள், கணக்குகளை வைத்திருக்கும் கணிப்பொறி வாடகை, மற்றச் செலவுகள் மாதம் ரூ.1,50,000 என்றால் ஆண்டுக்கு ரூ.18 லட்சம். இதை ஈடுகட்டவே ஏறக்குறைய 21,200 பேர் பணம் கட்ட வேண்டும்.

இலவசச் செயலியை இறக்கிக்கொள்பவர்கள் நூறு பேரில் இரண்டு பேர் பணம் கட்டுவதாக வைப்போம். அப்படியானால் 10,60,000 பேர் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒருவரை விளம்பரம் மூலம் வரவழைக்க ரூ.20 ஆனால், விளம்பரச் செலவு மட்டும் 2 கோடியே 12 லட்சம். ஒரு சந்தாதாரரைப் பிடிக்க ஆயிரம் ரூபாய் செலவழித்து 85 ரூபாய் வாங்குகிறோம் என்று அர்த்தம். சரி, கணக்கைத் தாராளமாகவே போடுவோம். நூற்றுக்கு ஐந்து பேர் கட்டுகிறார்கள், விளம்பரம் தலைக்கு ரூ.10 தான் என்றாலும், ஒரு சந்தாதாரருக்கு ரூ.200 செலவு. அவர் இரண்டு ஆண்டு நான்கு மாதம் விடாமல் சந்தா கட்டினால்தான் போட்ட விளம்பரக் காசு திரும்பும். ஆட்களின் சம்பளம் அதற்கு மேல்.

இங்கேதான் இந்தத் தொழிலின் அடிப்படைக் குறை இருக்கிறது. சர்க்கரையில் மூட்டைக்குச் சில ரூபாய்தான் நிற்கிறது. ஆனாலும் அந்தத் தொழிலை நாம் ஏன் செய்கிறோம்? வாங்கிய சர்க்கரை தீர்ந்துபோகும், வாடிக்கையாளர் திரும்பி வருவார் என்ற உறுதியினால். தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலி நன்றாக வேலை செய்தால், இரண்டு மாதத்தில் அவருக்குப் பழக்கம் வந்துவிடும், பிறகு செயலி வேண்டியதில்லை. சரியாக வேலை செய்யாவிட்டால், தொந்தரவு என்று எடுத்துவிடுவார். ஆக வென்றாலும் வாடிக்கை போகும், தோற்றாலும் வாடிக்கை போகும். அப்படிப்பட்ட சரக்குக்குக் கைமுதலை முடக்குவது முதலுக்கே மோசமாக முடியும்.

எதிர்வாதம்

இதற்கு இளைஞர்கள் ஒரு பதில் சொல்வார்கள். அது கேட்கத்தக்க பதில். "தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறேன் என்றபோதும் இப்படித்தான் சிரித்தார்கள்" என்பார்கள். உண்மைதான். 1965-ல் பம்பாயில் பிஸ்லேரி தண்ணீர் வந்தபோது, காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதாவது என்றுதான் ஊர் பேசியது. 1969-ல் பார்லே நிறுவனத்தார் அதை நான்கு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார்கள். இன்று தண்ணீர் பாட்டில் இல்லாத பெட்டிக்கடை உண்டா? ஆனால் அந்தத் தொழில் வளர்ந்தது எதனால்? பேருந்து நிலையத்தில் நிற்பவனுக்கு நம்பிக் குடிக்கும் தண்ணீர் வேறு எங்கும் கிடைக்கவில்லை. 2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தபோது தண்ணீர் கேனுக்காக மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. பாட்டில் ஒரு குறையைத் தீர்த்தது. தாகம் எடுப்பதை நினைவூட்ட ஆண்டவன் தொண்டையையே வைத்திருக்கிறான். வயது முதிர்ந்தவர்களுக்கும் வேலையில் மூழ்கியவர்களுக்கும் அந்த நினைவு மங்கும் என்பது மெய். அவர்களுக்கு உதவி தேவை. அந்த உதவிக்குக் காசு கொடுப்பார்களா என்பதுதான் வியாபாரியின் கேள்வி.

"செயலியோடு பாட்டிலையும் சேர்த்து விற்போம்" என்றும் சொல்லலாம். அதையும் அமெரிக்காவில் செய்துவிட்டார்கள். 2015-ல் பொதுமக்களிடமே முன்பணம் திரட்டித் தொடங்கிய 'ஹைட்ரேட் ஸ்பார்க்' பாட்டில், குடித்த அளவைத் தானே அளந்து போனுக்குச் சொல்லும், நேரமானால் ஒளிவிடும். ஜப்பானியரின் நடை அளவியைப் போல, பொருளை விற்றுக் காசு பார்க்கும் வழி இது. நம் கல்லாப் பக்கத்தில் பேசுகிறதே பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி, அதுவும் இதே வழிதான். யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றாகிவிட்டது. ஆனால் பெட்டிக்கு மாத வாடகை கட்டுகிறோம் அல்லவா?

எனினும் பொருளை விற்பதிலும் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. அமெரிக்காவில் 'ஜூசரோ' என்ற நிறுவனம் ஏறக்குறைய 12 கோடி டாலர் முதல் திரட்டி, பழச்சாறு பிழியும் இயந்திரத்தைச் செய்து 400 டாலருக்கு விற்றது. 2017 ஏப்ரலில் பத்திரிகைக்காரர்கள், அந்தப் பழக்கூழ்ப் பையைக் கையாலேயே பிழியலாம் என்று செய்து காட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. படித்தவர்களும் பெரும் பணக்காரர்களும் போட்ட முதல் அது. யாரும் முதலில் கையால் பிழிந்து பார்க்கவில்லை.

நமக்கு எது ஆகும்?

அப்படியானால் தாகத்தைச் சார்ந்த தொழிலே வேண்டாமா? வேண்டும். அது ஏற்கெனவே நம் கடையில்தான் இருக்கிறது. தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் கூடும்போது தண்ணீர் கேன், நன்னாரி சர்பத், எலுமிச்சை, மண்பானை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றின் ஓட்டமும் கூடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அடைக்கப்பட்ட குடிநீருக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதேசமயம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அதை அதிக அபாயமுள்ள உணவு வகையில் சேர்த்திருக்கிறது. உரிமம் இல்லாத கம்பெனிக் கேனை விலை மலிவு என்று இறக்கிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். விஷயமும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி ஒரு லிட்டர் நீருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு ஆக மொத்தம் 20.5 கிராம் இருக்க வேண்டும். இதற்கு ஒத்துவராத இனிப்புப் பானங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போட்டுக்கொள்ளக் கூடாதென 2025 அக்டோபரில் ஆணையம் உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரை மருந்தென்று கொடுத்தால் பாவம் நம்மையும் சேரும். பழைய இருப்பு இருந்தால் அலமாரியைப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளின் அறிவையும் வீணாக்க வேண்டாம். மணியடிக்கும் செயலிக்குப் பதில், கேன் போடும் கடைக்காரருக்கு ஒரு கணக்குச் செயலி செய்து தரச் சொல்லுங்கள். எந்த வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒரு கேன் தீர்கிறது, எத்தனை காலிக் கேன் திரும்பவில்லை, முன்பணம் எவ்வளவு நிற்கிறது என்று சொல்லுமானால், மாதம் நூறு ரூபாய் கொடுக்க நம்மில் ஆள் உண்டு. முதலில் பத்துக் கடைக்குச் செய்து கொடுக்கட்டும். மூன்று மாதம் கழித்தும் அந்தப் பத்துப் பேரும் காசு கொடுத்தால், அப்போது பெரிய முதலைப் பற்றிப் பேசலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

நம் கடைக்குள்ளே

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் எழுதினோம் என்றாலும் தகும். தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் எல்லோரும் மறந்துபோய்க் குடிக்காமல் இருப்பதில்லை. நம் கடைகளில் பொட்டலம் கட்டும் பெண்கள், துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் பெண்கள், காலையில் வந்தால் இரவு வீடு திரும்பும்வரை வாய் நனைப்பதற்கே யோசிக்கிறார்கள். காரணம், குடித்தால் ஒதுங்குவதற்கு இடமில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள், விஜி என்ற தையற்கலைஞரின் தலைமையில் 'பெண்கூட்டு' என்று ஒன்று சேர்ந்து போராடியது முதலில் கழிப்பறைக்காகத்தான். பிறகு உட்காரும் உரிமையையும் கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழக அரசும் 1947-ம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. வியாபாரிகளான நாம் சட்டம் வரும்வரை காத்திருந்தோம் என்பது பெருமைக்குரியதல்ல. நாற்காலிக்காவது சட்டம் வந்தபின் வழி பிறந்தது. கழிப்பறை பல கடைத்தெருக்களில் இன்னும் இல்லை.

எந்தச் செயலி எத்தனை முறை மணியடித்தாலும் அந்தப் பெண் குடிக்கமாட்டார். மண்டியில் வெயிலில் மூட்டை இறக்கும் சுமைக்காரரிடம் போன் மணியடித்தால், அவர் கை ஒழிந்து எடுத்துப் பார்க்கப்போவதில்லை. அவருக்கு எட்டும் தூரத்தில் ஒரு பானையும் டம்ளரும் இருந்தால் குடிப்பார். தனிக் கடைக்குள் கழிப்பறை கட்ட இடமில்லாதவர்கள், தெருவுக்கு ஒன்றாகப் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து கட்டலாம். கட்டுவதற்கு ஒரு முறை செலவு, பராமரிப்புக்கு மாதம் இவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்ளலாம். இடம் பிடிப்பதற்கும், நகராட்சியிடம் தண்ணீர், சாக்கடை இணைப்பு கேட்பதற்கும் சங்கம் முன்னின்றால் காரியம் எளிதாகும். இதற்குச் செலவிடும் காசு பேரேட்டில் லாபமாக வராது. ஆனால் மயக்கம் போட்டு விழாத ஆளும், சிறுநீர்த் தொற்றுக்கென்று மாதம் இரண்டு நாள் விடுப்பு எடுக்காத ஆளும் வியாபாரத்துக்கு என்ன பெறுவார்கள் என்று கடை நடத்துபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே தண்ணீர்க் கணக்குச் செயலியில் சில்லறை வணிகர் கைமுதலைப் போடுவது உசிதமல்ல என்பதே நமது கருத்து. பிள்ளைகளின் முயற்சிக்குச் சிறு தொகை கொடுத்து, பத்துக் கடையில் சோதித்துப் பாருங்கள். பெரிய தொகை கையில் இருந்தால், வரும் கோடைக்கு முன் கடைத்தெருவில் ஒரு கழிப்பறைக்கும் குடிநீருக்கும் ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு தெருவிலிருந்தும் பொறுப்பேற்க இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.